பிரச்சினை தீர்ந்துபோன கல்லூரி

ஒரு காட்டில் ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. காட்டில் எதற்குக் கல்லூரி என்று யாராவது கேட்டால், அவர் காட்டுப்பக்கம் போய் வெகுகாலம் ஆகிறது என்று பொருள். இப்போதெல்லாம் பாறைக்கு ஒன்று, ஓடைக்கு ஒன்று என்று கல்லூரி வந்துவிட்டது. நாம் சொல்ல வந்த கல்லூரி ஓடைக்கரையில் இருந்தது. ஓடையில்தான் தண்ணீர் இல்லை.

அந்தக் கல்லூரியின் நீரியல் துறையில் மங்கையர்க்கரசி என்றொரு முள்ளம்பன்றி விரிவுரையாளராக இருந்தார். விலங்குகளை அஃறிணையில் சொல்வதுதான் கதைகளில் பழைய வழக்கம். ஆனால் பணியாளர்களை மரியாதையோடு குறிப்பிட வேண்டும் என்று அந்தக் கல்லூரியில் ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. மாணவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. போகட்டும், நாமாக அவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

மங்கையர்க்கரசி ஒழுங்கான ஆசிரியை. மணி அடித்து முடிப்பதற்குள் வகுப்பில் இருப்பார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டதும் ஆரம்பித்துவிடுவார்.

"ஊற்று என்பது யாதெனில், நிலத்தடி நீர் தானாக வெளிப்படும் இடமாகும். எழுதியாச்சா? யாதெனிலுக்குப் பக்கத்துல கமா போட்டீங்களா?"

போட்டிருப்பார்கள். அதையே ரெக்கார்டு நோட்டில் ஒரு தடவை, அசைன்மென்ட்டில் ஒரு தடவை, பரீட்சையில் ஒரு தடவை எழுதுவார்கள். எல்லோரும் தேறிவிடுவார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போனதும், ஓர் ஊற்றின் மேலேயே கால் வைத்து நின்றாலும் அவர்களுக்கு அது ஊற்று என்று தெரியாது. ஏனென்றால் அது யாதெனில் என்று ஆரம்பிப்பதில்லை.

ஆகவே அங்கே படித்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. வருஷா வருஷம் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வரும். வறண்ட இடங்களுக்குச் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுபோய் விற்கும் கம்பெனி அது. அதன் ஆளெடுப்பு அதிகாரி நிர்மல் என்ற சிறுத்தை. வருவார், நாள் முழுக்க நேர்காணல் நடத்துவார், விருந்து சாப்பிடுவார், யாரையும் எடுக்காமல் போய்விடுவார். போன வருஷம் கிளம்பும்போது பல் குத்திக்கொண்டே முதல்வரிடம் சொன்னார்:

"பசங்களுக்குப் பாடம் நல்லாத் தெரியுது சார். ஆனா ஒரு பிரச்சினையைக் கையில கொடுத்தா முழிக்கிறாங்க. இப்போ இண்டஸ்ட்ரிக்குத் தேவை பிரச்சினையைத் தீர்க்கறவங்கதான்."

முதல்வர் திருவேங்கடம் ஒரு கரடி. பெரிய உடம்பு, சின்ன விஷயத்துக்கெல்லாம் கலங்குகிற மனசு. அன்றைக்கே மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், மலை மேல ஒரு பயிலரங்கம் நடக்குது. பிரச்சினைவழிக் கற்றலாம். நீங்க போயிட்டு வாங்க."

"நான் எதுக்கு சார்?"

"மத்தவங்க எல்லாம் லீவு போட்டுட்டாங்க மேடம்."

போனார். அங்கே ஒரு வயசான ஆந்தை மேடையேறி, விரிவுரை கேட்டு யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை விரிவுரை ஆற்றியது. சாப்பாட்டுக்குப் பிறகு பாதி அவை தூங்கிவிட்டது. மங்கையர்க்கரசி தூங்கவில்லை. ஆந்தை நடுவில் சொன்ன ஒரு விஷயம் அவருக்குள் போய்த் தைத்துவிட்டது. "மாணவனுக்கு முன்னால் விடையை வைக்காதீர்கள். ஒரு பிரச்சினையை வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்ளுங்கள்." இத்தனை வருஷத்தில் தன்னிடம் படித்த யாராவது எங்கேயாவது ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்டுபிடித்திருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. உடம்பிலிருந்த முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முயல் பேராசிரியர் பயந்துபோய் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து முதல்வரிடம் விஷயத்தைச் சொன்னார். முதல்வர் உடனே ஒத்துக்கொண்டார்.

"செஞ்சிடலாம் மேடம். பிரச்சினை எங்க கிடைக்கும்? வாங்குறதா இருந்தா மூணு இடத்துல கொட்டேஷன் கேட்கணும். பக்கத்துக் காலேஜ்ல வெளிநாட்டிலிருந்தே தருவிச்சிருக்காங்களாம். பனிக்கரடிக்கு ஐஸ் உருகுறது."

"நம்ம பசங்க பனியையே பார்த்ததில்லையே சார். நம்ம ஹாஸ்டல்ல தண்ணி வரலை. அதையே எடுத்துக்கலாமே?"

முதல்வர் சிரித்துவிட்டார். "அது பிரச்சினை இல்லை மேடம். அது வழக்கம்."

வழக்கம்தான். விடுதிக்குப் பின்னால் பாறை இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரும். அதற்கு முன்னால் விடியற்காலையிலேயே குடங்கள் வரிசை கட்டி நிற்கும். குடத்துக்குப் பின்னால் மாணவர்கள் நிற்பார்கள். அந்த வாரம் வரிசையில் நின்றிருந்த முதலாமாண்டுப் புள்ளிமான் அம்சவேணி மயங்கி விழுந்துவிட்டாள். அவளுடைய மந்தையிலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளை அவள். சேதி கேட்டு அவளுடைய அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"படிச்சது போதும், வா கண்ணு. மந்தைக்கே போயிடலாம். அங்க புலி இருக்குதான். ஆனா தண்ணி இருக்கு."

அம்சவேணி வரமாட்டேன் என்று அழுதாள். மங்கையர்க்கரசிதான் குறுக்கே புகுந்தார். "அமாவாசை வரைக்கும் பொறுத்துக்கோங்கம்மா. அதுக்குள்ள தண்ணி வரலைன்னா நீங்க கூட்டிட்டுப் போங்க." எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. தாய்மான் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

இலவசமாகக் கிடைக்கிற பிரச்சினை என்பதால் முதல்வரும் கையெழுத்துப் போட்டார். மறுநாள் இறுதியாண்டு வகுப்பில் மங்கையர்க்கரசி அறிவித்தார்:

"இனிமே நோட்ஸ் கிடையாது. நம்ம விடுதிக்குத் தண்ணி ஏன் வரலை? அதுதான் பாடம். நீங்களே கண்டுபிடிங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு காட்டுப்பூனை அழுகிற குரலில் கேட்டான். "மேடம், ஹெட்டிங்கையாவது சொல்லிடுங்க மேடம்."

கருமந்தி ஜெகதீஷ் அப்படியெல்லாம் கலங்குகிற ஆள் இல்லை. ஆசிரியர் என்ன எதிர்பார்க்கிறார் என்று அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்கிற பிள்ளை. உடனே ஒரு குழு அமைத்தான். குழுவுக்குப் பெயர் வைக்க மூன்று கூட்டம் போட்டார்கள். சின்னம் வரைய ஒரு வாரம் ஆயிற்று. துளி நீல நிறமா பச்சை நிறமா என்று பிளவு வந்து குழு இரண்டாகி மறுபடி ஒன்றாயிற்று. இதற்கிடையில் ஜெகதீஷின் அப்பா மரம் விட்டு மரம் தாவி முதல்வர் அறைக்கே வந்துவிட்டார்.

"பிள்ளைக்குப் பிரச்சினையைக் கொடுக்கிறதுக்கா சார் உங்களுக்கு ஃபீஸ் கட்டுறோம்? அது எங்க வீட்லயே நிறைய இருக்கு!"

அந்த வகுப்பில் செல்வக்கனி என்றொரு நீர்நாய் படித்தாள். வருகைப் பதிவு குறைவு, கையெழுத்து மோசம், ஈரக்காலோடு வகுப்புக்குள் வந்து திட்டு வாங்குகிறவள். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவள் மட்டும் மேசை அருகே வந்தாள்.

"மேடம், போய்ப் பார்க்கலாமா?"

"எதை?"

"ஓடையை. மேல வரைக்கும் போனாத் தெரிஞ்சிடும்ல?"

மங்கையர்க்கரசிக்கு அது தோன்றவே இல்லை. நீரியல் துறையில் இத்தனை வருஷம் இருந்தும் அவர் அந்த ஓடைக்குள் இறங்கியதில்லை. சேலை நனையும் என்று பயப்பட அதில் தண்ணீரும் இல்லை, அவர் கட்டுவது சேலையும் இல்லை. சும்மாதான் இறங்காமல் இருந்திருக்கிறார்.

மூவராகப் போனார்கள். செல்வக்கனி முன்னால், அம்சவேணி நடுவில், மங்கையர்க்கரசி கடைசியில். அம்சவேணியை யாரும் கூப்பிடவில்லை. தன்னுடைய படிப்பு அந்த ஓடையில்தான் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும், அதனால் வந்தாள். காய்ந்த மணலில் செல்வக்கனி அங்கங்கே படுத்துக் காதை வைத்துக் கேட்டாள். "நிலத்தடி நீர்மட்டம் என்பது" என்று மங்கையர்க்கரசியின் வாய் தானாக ஆரம்பித்தது. ஓரமாக நிற்க வேண்டும் என்பது நினைவுக்கு வரவே வாயை இறுக மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த கஷ்டமான காரியங்களில் அதுவும் ஒன்று.

ஓடை வளைந்து வளைந்து போய், கல்லூரியின் பரீட்சைப் பிரிவுக் கட்டடத்துக்குப் பின்புறமே வந்து நின்றது. அங்கே இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு பிளவு. செல்வக்கனி அதில் காதை வைத்தாள். முகம் மலர்ந்தது.

"உள்ள ஓடுது மேடம். நல்லா ஓடுது. வாயைத்தான் எதுவோ அடைச்சிருக்கு."

கையை உள்ளே விட்டு ஒரு பிடி பிடுங்கினாள். சாம்பல் நிறத்தில் களிபோல் ஒன்று வந்தது. ஓரத்தில் நூல் தொங்கியது. பழைய விடைத்தாள், ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட். திருத்தி முடித்ததையெல்லாம் வருஷா வருஷம் சன்னல் வழியாக அந்தப் பிளவில் தள்ளியிருக்கிறார்கள். மழையில் ஊறி, வெயிலில் இறுகி, கூழாகிச் சிமென்ட்டு மாதிரி ஆகிவிட்டது. செல்வக்கனி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மை கலைந்தும் கலையாமலும் ஒரு வரி தெரிந்தது. ஊற்று என்பது யாதெனில்.

"மேடம், உங்க நோட்ஸ்!" என்றாள் சந்தோஷமாக. "எவ்வளவு கெட்டியா இருக்கு பாருங்க."

மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றி அம்சவேணியிடம் கொடுத்தார். பிளவுக்கு முதுகைக் காட்டி நின்று, முள்ளை விரித்து, பின்னாலேயே போய் ஒரு குத்துக் குத்தினார். கூழில் ஓட்டை விழுந்தது. இன்னொரு குத்து. செல்வக்கனி ஓட்டைக்குள் கையை விட்டுக் கட்டுக்கட்டாக இழுத்துப் போட்டாள். அம்சவேணி குளம்பால் உதைத்துத் தள்ளினாள். முதலில் ஒரு விசும்பல் போல் சத்தம் வந்தது. அப்புறம் குபுக்கென்று ஒரு வாய் கறுப்புத் தண்ணீர். அதற்குப் பின்னால் வெள்ளை வெளேர் என்று பெருக்கு.

மூவரும் தலைமுதல் கால்வரை நனைந்துபோனார்கள். அம்சவேணி குனிந்து குடித்தாள், குடித்தாள், நிமிரவே இல்லை. மங்கையர்க்கரசிக்கு அழுகை வந்தது. முகத்தில் ஏற்கெனவே தண்ணீர் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மாலைக்குள் விடுதி முழுக்க ஓடைக்கு வந்துவிட்டது. யானைக்குட்டிகள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் பீச்சிக்கொண்டார்கள். குடங்கள் பாறை மேல் கேட்பாரற்றுக் கிடந்தன.

காலையில் முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. பாராட்டப் போகிறார் என்று நினைத்து மங்கையர்க்கரசி முள்ளை வாரிச் சீவிக்கொண்டு போனார். முதல்வரின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? யாரைக் கேட்டுத் தீர்த்தீங்க?"

"எதை சார்?"

"பிரச்சினையை! தரமதிப்பீட்டுக் குழு வருது மேடம். இந்த செமஸ்டர் முழுக்கப் பிரச்சினைவழிக் கற்றல் நடக்குதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். வந்து பிரச்சினை எங்கன்னு கேட்டா ஓடையைக் காட்டுறதா?"

"ஆமாம் சார். தீர்த்துட்டோம்னு காட்டலாமே."

"தீர்த்ததுக்கு அவங்க படிவத்துல கட்டமே கிடையாது மேடம்." முதல்வர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பிரச்சினையை வரையறுக்க மார்க் இருக்கு. கலந்துரையாட மார்க் இருக்கு. குழுவா இயங்க, அறிக்கை எழுத, பிரசென்டேஷன் கொடுக்க எல்லாத்துக்கும் மார்க் இருக்கு. தீர்க்கறதுக்கு யாரும் மார்க் வைக்கலை. யாராவது தீர்ப்பாங்கன்னு எதிர்பார்க்கலை போல."

அதன்படியே மதிப்பெண் போட்டார்கள். செல்வக்கனியிடம் அறிக்கை இல்லை, சின்னம் இல்லை, குழுவுக்குப் பெயர்கூட இல்லை. அவளுக்கு அரியர் விழுந்தது. ஜெகதீஷ் குழு 'தண்ணீரின்மை: ஒரு பன்முகப் பார்வை' என்ற தலைப்பில் பேசியது. அரங்கத்துக்கு வெளியே ஓடை போட்ட இரைச்சலில் ஜெகதீஷ் தொண்டை கிழியக் கத்திப் பேச வேண்டியிருந்தது. "ஆகவே, தண்ணீர் இல்லாததற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்று எங்கள் குழு முடிவுக்கு வருகிறது!" முழு மதிப்பெண்.

மங்கையர்க்கரசிக்கு நெஞ்சு ஆறவில்லை. செல்வக்கனியைக் கூப்பிட்டு, "நீ கவலைப்படாதே. கம்பெனி வருது இல்ல? அவங்க கேட்டது உன்னை மாதிரி ஆளைத்தான்" என்றார். அதை அவர் மனசார நம்பினார்.

கம்பெனி வந்தது. சிறுத்தை நிர்மல் நேர்காணல் நடத்தினார். ஓரமாக உட்கார்ந்து பார்க்க மங்கையர்க்கரசிக்கு அனுமதி கிடைத்தது. முதலில் செல்வக்கனி.

"நீங்க தீர்த்த ஒரு பிரச்சினையைப் பத்திச் சொல்லுங்க."

"ஓடையில தண்ணி வரலை சார். மேல போய்ப் பார்த்தோம். அடைச்சிருந்தது. எடுத்துட்டோம்."

நிர்மல் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"எவ்வளவு காலம் ஆச்சு?"

"மத்தியானம் போனோம் சார். இருட்டறதுக்குள்ள வந்துட்டோம்."

சிறுத்தையின் முகத்தில் புள்ளிகள் இறுகின. "இதே மாதிரி ஒரு பள்ளத்தாக்குக்கு எங்க கம்பெனி பல வருஷமா தண்ணி கொடுத்திட்டிருக்கு. பெரிய புராஜெக்ட். அங்க உங்களை அனுப்பினா என்ன செய்வீங்க?"

செல்வக்கனி ஆசையோடு நிமிர்ந்தாள். "மேல போய்ப் பார்ப்பேன் சார்."

"நன்றி. தகவல் சொல்லி அனுப்புவோம்."

அடுத்து ஜெகதீஷ். அதே கேள்வி. "சார், எந்தப் பிரச்சினையையும் அவசரப்பட்டு அணுகக் கூடாதுங்கறதுதான் நாங்க கத்துக்கிட்டது. முதல்ல சம்பந்தப்பட்ட எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம். அதுல இருந்து ஒரு துணைக்குழு. துணைக்குழு அறிக்கை வர்ற வரைக்கும் தற்காலிகமா வெளியிலிருந்து தண்ணி வாங்கலாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அதைத் துணைக்குழு முடிவு பண்ணும் சார்."

நிர்மல் எழுந்து வந்து கை கொடுத்தார். அன்றே வேலை உத்தரவு கிடைத்தது. மங்கையர்க்கரசி வெளியே வந்தபோது செல்வக்கனி மரத்தடியில் வாலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் என்ன மேடம் தப்பாச் சொன்னேன்?"

மங்கையர்க்கரசி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முள் குத்தாத தூரத்தில்.

அப்புறம் தரமதிப்பீட்டுக் குழு வருகிற நாள் நெருங்கியது. முதல்வர் மறுபடி கூப்பிட்டார்.

"மேடம், ஒரே ஒரு நாள். ஓடையைக் கொஞ்சம் அடைச்சிடுங்க. குழு போனதும் எடுத்துடலாம்."

"ஓடுற தண்ணியை நிறுத்தச் சொல்றீங்களா சார்?"

"நிறுத்தவா சொன்னேன்? கற்றலுக்கான சூழலை உருவாக்கச் சொல்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். கரடிக்குக் கண் கலங்கியிருந்தது. "தரம் இறங்கினா காலேஜை மூடிடுவாங்க மேடம். அந்த மான்குட்டி மந்தைக்குத்தான் போகணும். தண்ணி இருந்தும் பிரயோசனம் இல்லை."

அதற்கு மேல் அவரால் எதிர்க்க முடியவில்லை. செல்வக்கனியிடம் தலையைக் குனிந்தபடியே கேட்டார். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"செய்யலாம் மேடம். எங்க அடைச்சா நிக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு உதை விட்டா எடுத்துக்கற மாதிரியும் செய்யலாம்." ஒரு கட்டையைச் செதுக்கி, களிமண் பூசி, பிளவில் கச்சிதமாகச் செருகினாள். ஓடை அடங்கிப்போனது.

மறுநாள் குழு வந்தது. தலைவர் சதாசிவம் என்ற மயில். தோகை நீளம், தாங்கிப் பிடிக்கவே கூட இரண்டு உறுப்பினர்கள். உச்சி வெயிலில், அடைத்த பிளவுக்குக் கீழே, மாணவர்களைக் குடத்தோடு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். தாகமாக இருப்பதுபோல் இருங்கள் என்று சொல்லி நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நடிக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மயில் வரிசையைப் பார்த்து, "உண்மையான பிரச்சினை! எவ்வளவு நேர்த்தி!" என்று வியந்தது. முன்னால் நின்ற அம்சவேணியிடம் குனிந்து கேட்டது:

"தண்ணீர் இல்லாமல் இருப்பது உனக்கு எந்த மாதிரியான கற்றல் அனுபவத்தைத் தருகிறது, பாப்பா?"

"தாகமா இருக்குங்கய்யா."

"மிகவும் நல்லது," என்று உறுப்பினரிடம் திரும்பியது. "எழுதிக்கொள்ளுங்கள்."

அம்சவேணி பொறுத்துப் பார்த்தாள். அவள் கண்ணெதிரே பாறை ஒரு தரம் ஆடி நின்றது. மறுபடி மயங்கி விழுந்தால் அம்மா வந்துவிடுவாள். குடத்தைக் கீழே போட்டாள். வரிசையை விட்டு ஓடினாள். பாறை மேல் ஏறிப் பின்னங்காலால் கட்டையை ஓங்கி ஓர் உதை.

தண்ணீர் பாய்ந்து வந்தது. நேராக மயில் மேல். தோகை நனைந்து, துடைப்பம் போல் சுருங்கி, சேற்றில் விழுந்தது. உறுப்பினர்களில் ஒருவர் கொஞ்ச தூரம் மிதந்துபோய்த் திரும்பி வந்தார். முதல்வர் கண்களை மூடிக்கொண்டார். மங்கையர்க்கரசி ஓடிப்போய் அம்சவேணியை மறைத்துக்கொண்டு, முள்ளெல்லாம் விரித்து நின்றார். யார் கிட்டே வந்தாலும் குத்திவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

மயில் மெல்ல எழுந்தது. வாயிலிருந்த தண்ணீரைத் துப்பியது.

"அற்புதம்! நேரடிச் செயல்விளக்கம்! பிரச்சினை, தீர்வு, இரண்டும் ஒரே வளாகத்தில்! இப்படி ஒரு வசதி எந்தக் கல்லூரியிலும் இல்லை!"

உச்சத் தரம் கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குழு ஊருக்குப் போய்ப் பரிந்துரை எழுதியது. காட்டிலுள்ள எல்லாக் கல்லூரிகளும் கற்றல் நோக்கத்துக்காகக் குறைந்தது ஓர் ஓடையை அடைத்து வைத்திருக்க வேண்டும். சொந்த ஓடை இல்லாதவர்கள் பக்கத்து ஓடையை ஒப்பந்தத்தின்பேரில் அடைக்கலாம். நம் கல்லூரி உட்பட எல்லாக் கல்லூரிகளும் போட்டி போட்டுக்கொண்டு அடைத்தன. காடு காய்ந்தது. சுரைக்குடுக்கைக் கம்பெனிக்கு ஆர்டர் மேல் ஆர்டர். குடுக்கை சுமக்க ஆள் வேண்டும், எண்ண ஆள் வேண்டும், தண்ணீர் ஏன் வரவில்லை என்று கூட்டம் போட ஆள் வேண்டும். படித்து முடித்த எல்லோருக்கும் வேலை கிடைத்தது. எல்லாக் கல்லூரி வாசலிலும் நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று பேனர் கட்டினார்கள். கல்வியும் தொழிலும் இவ்வளவு நெருக்கமாகக் கைகோத்ததை இதுவரை தான் பார்த்ததில்லை என்று சிறுத்தை நிர்மல் ஒரு விழாவில் பேசினார்.

வேலை இல்லாமல் இருந்தது செல்வக்கனி ஒருத்திதான். அதுவும் கொஞ்ச நாள்தான். ஓடையை அடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு கல்லூரியில் கசிந்தது. இன்னொன்றில் உடைத்துக்கொண்டு வந்து துணைமுதல்வரையே அடித்துப் போயிற்று. ஒழுங்காக அடைக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அரியரைத் தள்ளுபடி செய்து, அவளை மொத்தக் காட்டுக்கும் அடைப்பு அலுவலராகப் போட்டார்கள். அடையாள அட்டை, தொப்பி, பயணப்படி எல்லாம் உண்டு.

அந்தச் செய்தி வந்த அன்று மங்கையர்க்கரசி சாப்பிடவில்லை. தான் உருப்படியாக உருவாக்கிய ஒரே மாணவி இப்படி ஆகிவிட்டாளே என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக்கு யாரும் வரமாட்டார்கள். ஒரு நாளாவது ஓடையைத் திறந்துவிடுவோம், யார் கேட்டாலும் சொல்லிக்கொள்வோம் என்று தனியாகப் பாறைக்குப் போனார். போகும்போதே தண்ணீர் சத்தம் கேட்டது.

மேலே செல்வக்கனி இருந்தாள். உடம்பெல்லாம் சேறு, தலையில் அலுவலகத் தொப்பி. பிடுங்கிய கட்டையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே அம்சவேணியும் அவள் தோழிகளும் வாரத்துக்குச் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்சவேணியின் அம்மாகூட மந்தையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"வாங்க மேடம்," என்றாள் செல்வக்கனி.

"இதுவும் உன் வேலையா?"

"இல்லை மேடம். அடைக்கிறதுக்குத்தான் சம்பளம். திறக்கிறது நானாச் செய்யறது. ஞாயிற்றுக்கிழமை அவங்க யாரும் பார்க்கிறதில்லை."

"மாட்டிக்கிட்டா?"

"ஞாயிறு மட்டும் தண்ணி ஏன் வருதுன்னு ஆராய ஒரு துணைக்குழு போட்டிருக்காங்க. ஜெகதீஷ்தான் தலைவர்." அவள் சிரித்தாள். "ரொம்ப நாள் ஆகும் மேடம்."

மங்கையர்க்கரசிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார்.

"அடுத்தது எந்தக் காலேஜ்?"

"மேட்டுக்கு அந்தாண்டை ஒரு டீச்சர் டிரெயினிங் காலேஜ். அங்கயும் நோட்ஸ் கூழ்தான் இறுகிப்போய்க் கிடக்கு. எனக்கு நகமே தேயுது."

"நகர்ந்துக்கோ, வழியை விடு," என்று மங்கையர்க்கரசி முள்ளை ஒரு தரம் விரித்து மடக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். செல்வக்கனி தொப்பியைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டுப் பின்னால் போனாள்.

நீதி: தாகம் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை குடியுங்கள். மற்ற நாள்களில் அது பாடத்திட்டத்தில் இருக்கிறது.